இன்வெர்ட்டரில் ஓடும்போது ஃபேன் ஏன் முனகுகிறது? 'ப்யூர் சைன் வேவ்' பெயருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

இரவு ஒன்பதரை மணி. கரன்ட் போகிறது. ஒரு விநாடிகூட ஆகவில்லை, இன்வெர்ட்டர் கைகொடுத்துவிடுகிறது. லைட் எரிகிறது, வைஃபை ஓடுகிறது, ஃபேனும் சுற்றுகிறது. ஆனால், ஃபேனில் இருந்து மட்டும் 'ங்ங்ங்...' என்று ஒரு முனகல். கரன்ட் திரும்ப வந்ததும் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும்.

"பேட்டரி வீக் ஆயிடுச்சு போல" என்பதுதான் பல வீடுகளில் முதல் சந்தேகம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்ப்பார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேனின் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பார்கள். முனகல் போகாது. ஏனென்றால், பெரும்பாலும் கோளாறு பேட்டரியிலும் இல்லை, ஃபேனிலும் இல்லை. இன்வெர்ட்டர் வெளியே அனுப்பும் மின்சாரத்தின் 'வடிவத்தில்' இருக்கிறது.

இதுவரை இது ஒரு வீட்டுக்குள் முடிந்துபோகும் தொந்தரவாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. மொட்டைமாடி சோலார் பரவப் பரவ, ஒவ்வொரு வீட்டு இன்வெர்ட்டரும் தெருவில் உள்ள பொது லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறது. ஒரு வீட்டு ஃபேனை முனக வைக்கும் அதே விஷயம், ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்க முடியுமா? அதைத் தடுப்பது எது? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: பல்ஸ் விட்த் மாடுலேஷன். சுருக்கமாக, பிடபிள்யூஎம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டுக்கு இன்வெர்ட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்த 2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நடுத்தர வீடுகளில் இன்வெர்ட்டர் ஆடம்பரப் பட்டியலில் இருந்து அத்தியாவசியப் பட்டியலுக்கு இடம்மாறிய காலம் அது. கடைக்குப் போனவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: "எத்தனை ஃபேன் ஓடும்? எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்ன மாதிரி மின்சாரம் வரும் என்று கேட்டவர்கள் குறைவு.

பேட்டரி தருவது 12 வோல்ட் நேர்மின்சாரம். வீட்டுக்குத் தேவை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். அதாவது, விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும் மின்சாரம். மின்வாரியத்தின் லைனில் இது வழுவழுவென்று ஏறி இறங்கும் அலையாக வருகிறது. பள்ளிக் கணக்கில் வரைந்த அதே சைன் அலை.

பேட்டரியில் இருந்து இதை உருவாக்க மிக எளிய வழி, நான்கு எலக்ட்ரானிக் சுவிட்சுகள். இரண்டை ஆன் செய்தால் மின்சாரம் ஒரு திசையில் ஓடும். 10 மில்லிவிநாடி கழித்து அவற்றை அணைத்து மற்ற இரண்டை ஆன் செய்தால் எதிர்த்திசையில் ஓடும். இதை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 230 வோல்ட்டுக்கு உயர்த்தினால் வேலை முடிந்தது. மலிவு, எளிது, ரிப்பேர் செய்வதும் சுலபம். ஒரே பிரச்சினை, வருவது அலையே இல்லை. செங்குத்தாக ஏறி, தட்டையாக நின்று, செங்குத்தாக இறங்கும் சதுரம். 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டர் என்று விற்கப்பட்டது இதுதான்.

சதுரத்துக்குள் ஒளிந்திருக்கும் கூட்டம்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே, வெப்பம் பரவுவது பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில் ஒரு விஷயத்தைச் சொன்னார். திரும்பத் திரும்ப வரும் எந்த வடிவத்தையும், வெவ்வேறு வேகத்தில் ஓடும் சைன் அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம். வீணையில் ஒரே தந்தியை மீட்டினாலும் அடிப்படைச் சுரத்துடன் மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அதுபோல. பள்ளி இயற்பியலில் 'சீரிசை' என்று வரும் இந்த மேல் அலைகளைத்தான் மின்பொறியாளர்கள் ஹார்மோனிக்ஸ் என்கிறார்கள்.

வீணையில் அவை நாதத்துக்கு அழகு. மின்சாரத்தில் தலைவலி.

50 ஹெர்ட்ஸ் சதுர அலையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கூட்டமே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை 100 என்ற அளவில் இருந்தால், 150 ஹெர்ட்ஸில் 33, 250 ஹெர்ட்ஸில் 20, 350 ஹெர்ட்ஸில் 14 என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். இந்த அழையா விருந்தாளிகள் எல்லாரும் சேர்ந்து அடிப்படை அலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்தான் டிஹெச்டி, அதாவது மொத்த ஹார்மோனிக் திரிபு. நேரடியாகக் கூட்டாமல், ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். சதுர அலைக்கு இந்த எண் சுமார் 48 சதவீதம்.

ஃபேனின் முனகல் இங்கிருந்துதான் வருகிறது. சாதாரண சீலிங் ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதற்குச் சுழலத் தேவைப்படுவது 50 ஹெர்ட்ஸ் மட்டும். 150, 250 ஹெர்ட்ஸில் வரும் மின்சாரம் சுழற்சிக்கு உதவாமல், உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளையும் செம்புச் சுற்றையும் இழுத்து இழுத்து விடுகிறது. வழக்கமான சப்ளையிலும் மோட்டார் லேசாக அதிரத்தான் செய்யும். ஆனால், அது தாழ்ந்த ஒலி என்பதால் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. மேல் அதிர்வெண்கள் சேரும்போதுதான் காதில் உறைக்கிறது. கேட்காமல் நடப்பது இன்னொன்று: சூடு. பேட்டரியில் இருந்து வந்த ஆற்றலில் ஒரு பகுதி, காற்றாக மாறாமல் மோட்டாரின் வெப்பமாக வீணாகிறது.

ஃபேனுக்கு இது எரிச்சல். வேறு சில கருவிகளுக்கு எரிச்சலோடு முடியாது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர், வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரின் கம்ப்ரஸர் எல்லாம் மோட்டார்தான். கோவிட் காலத்தில் வீடுகளுக்குள் வந்த கான்சன்ட்ரேட்டர்களில் பல இன்னும் வயதானவர்களின் படுக்கையருகே இருக்கின்றன. அப்படியொரு கருவி இருக்கும் வீட்டில், இன்வெர்ட்டர் எந்த அலையைத் தருகிறது என்பது சொகுசு பற்றிய கேள்வி அல்ல.

மறுபக்கம், லேப்டாப் சார்ஜர், ரௌட்டர், எல்இடி பல்பு போன்றவை பெரிதாக அலட்டிக்கொள்ளாது. வரும் மின்சாரத்தை முதல் வேலையாக நேர்மின்சாரமாக மாற்றிவிடுவதால், அலை சதுரமா வட்டமா என்பது அவற்றுக்கு அவ்வளவு முக்கியமில்லை. பிஎல்டிசி ஃபேன் முனகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். அதற்குள்ளேயே ஒரு குட்டி இன்வெர்ட்டர் இருக்கிறது. தனக்குத் தேவையான அலையை அதுவே தயாரித்துக்கொள்ளும்.

பெயரில் ஒரு தந்திரம்

சதுர அலைக்கும் சைன் அலைக்கும் நடுவே 'மாடிஃபைடு சைன் வேவ்' என்றொரு வகை சந்தையில் உண்டு. பெயரைக் கேட்டால் சைன் அலையைக் கொஞ்சம் மாற்றியது போலத் தோன்றும். உண்மையில் இது சதுர அலையைக் கொஞ்சம் மாற்றியது. விளம்பர வாசகம் எழுதியவருக்குத்தான் பாராட்டு.

என்ன மாற்றம்? ஒரு திசையில் இருந்து மறு திசைக்குத் தாவுவதற்கு நடுவே ஒரு சின்ன ஓய்வு. அவ்வளவுதான். ஆனால், இந்த ஓய்வு சாதாரணமானதல்ல. 10 மில்லிவிநாடி அரைச்சுற்றில் 6.67 மில்லிவிநாடி ஆன், மீதி 3.33 மில்லிவிநாடி ஆஃப் என்று சரியாக வைத்தால், 150 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக் முழுவதுமாகக் காணாமல் போய்விடும். டிஹெச்டி 48-ல் இருந்து சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கும். ஒரு பாகம்கூடக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. சுவிட்ச் எப்போது ஆன், எப்போது ஆஃப் என்ற நேரத்தை மட்டும் மாற்றியதற்கே இந்தப் பலன்.

ஒரு இடைவெளிக்கே இவ்வளவு என்றால், நூற்றுக்கணக்கான இடைவெளிகளை வைத்தால்?

நேரத்தை வைத்து அலையைச் செதுக்குவது

இங்கே நியாயமாக ஒரு கேள்வி வரும். சுவிட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வழுவழுப்பான அலையை நேரடியாகவே உருவாக்கிவிடலாமே? செய்யலாம். ஆனால், எலக்ட்ரானிக் சுவிட்ச் பாதி திறந்த நிலையில் இருந்தால், அதன் மீது வோல்ட்டேஜும் இருக்கும், அதன் வழியே கரன்ட்டும் ஓடும். இரண்டும் சேர்ந்தால் சூடு. முழு ஆன் நிலையில் வோல்ட்டேஜ் ஏறக்குறைய இல்லை. முழு ஆஃப் நிலையில் கரன்ட் இல்லை. அதனால் இந்த இரண்டு நிலைகளில் மட்டும்தான் சுவிட்ச் சேதாரம் இல்லாமல் வேலை செய்யும். அளவைக் கூட்டிக் குறைக்க முடியாது என்றால் கையில் மிச்சம் இருப்பது நேரம் மட்டும்.

முழுசாகத் திறக்கவும் முழுசாக மூடவும் மட்டுமே முடிகிற ஒரு குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு வாளி, வாளியின் அடியில் சிறு ஓட்டை. குழாயைப் படபடவென்று திறந்து மூடிக்கொண்டே இருந்தால், வாளியில் இருந்து தண்ணீர் ஒரே சீராக வெளியேறும். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஓட்டம் கூடும், குறைத்தால் குறையும். குழாய் என்னவோ ஆன், ஆஃப் என்று இரண்டே நிலையில்தான் இருந்தது.

பிடபிள்யூஎம் இதைத்தான் செய்கிறது. விநாடிக்கு 20 ஆயிரம் முறை சுவிட்ச் செய்யும் இன்வெர்ட்டரில், 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுற்றுக்கு 400 துடிப்புகள் கிடைக்கும். எல்லாத் துடிப்பின் உயரமும் ஒன்றுதான். அகலம் மட்டும் மாறும். அலையின் உச்சிக்கு அருகே அகலமான துடிப்பு. பூஜ்ஜியத்துக்கு அருகே ஊசி போல மெல்லிய துடிப்பு. எந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்ய, வேகமாக ஏறி இறங்கும் ஒரு முக்கோண அலையையும் நமக்குத் தேவையான சைன் அலையையும் ஒப்பிடுவார்கள். சைன் மேலே இருக்கும்போது ஆன், கீழே இருக்கும்போது ஆஃப். சுவிஸ் நிறுவனமான பிரவுன் போவேரியின் பொறியாளர்கள் ஷோனுங், ஸ்டெம்லர் இருவரும், மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1964-ல் அந்த நிறுவனத்தின் இதழில் எழுதிய வழி இது. இன்று சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சிப் இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுகிறது.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் வருகிறது. பிடபிள்யூஎம் ஹார்மோனிக்ஸை அழிப்பதில்லை. இடம் மாற்றுகிறது. அந்த 400 துடிப்புகளை அப்படியே அளந்து பார்த்தால், திரிபு சதுர அலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சில நேரம் அதிகமாகவே இருக்கும். ஆனால், அந்தக் குப்பை 150, 250 ஹெர்ட்ஸில் இல்லை. 20 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

அதனால் என்ன லாபம்? வடிகட்டுவது எளிது. 50-ஐ விட்டுவிட்டு 150-ஐ மட்டும் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால், இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு போல. அதற்குத் தேவைப்படும் காயிலும் கெப்பாசிட்டரும் கனமாக, பெரிதாக இருக்கும். 50-க்கும் 20 ஆயிரத்துக்கும் நடுவிலோ பெரிய மைதானமே இருக்கிறது. 2 ஆயிரம் ஹெர்ட்ஸில் வேலியைப் போட்டால் போதும். ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர் கொண்ட எளிய ஃபில்டர், வேலிக்கு மேல் அதிர்வெண் பத்து மடங்கு கூடினால் நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் குப்பையில் 1 சதவீதம்தான் வெளியே வரும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் தனியாகக் காயில்கூட வைப்பதில்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நல்ல 'ப்யூர் சைன் வேவ்' இன்வெர்ட்டரில் டிஹெச்டி 5 சதவீதத்துக்குள், சிலவற்றில் 3 சதவீதத்துக்குள் நிற்பது இப்படித்தான். ஃபேன் வாயை மூடிக்கொள்வதும் இதனால்தான்.

சும்மா கிடைப்பதில்லை

சுவிட்ச் வேகம் கூடக் கூட அலை சுத்தமாகும் என்றால், ஏன் எல்லாரும் எகிறும் வேகத்துக்குப் போவதில்லை? ஒவ்வொரு முறை ஆன், ஆஃப் ஆகும்போதும் சுவிட்ச் அந்தப் 'பாதி திறந்த' நிலையைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு கணம்தான். ஆனால், விநாடிக்குப் பல்லாயிரம் கணங்கள் சேர்ந்தால் சூடு. அதனால் சக்தி கூடும்போது பொதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சென்னை மெட்ரோ ரயில் கிளம்பும்போது படிப்படியாக ஏறும் ஒரு ரீங்காரம் கேட்குமே, அது இந்தச் சமரசத்தின் சத்தம். நூற்றுக்கணக்கான கிலோவாட் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் 20 கிலோஹெர்ட்ஸுக்கெல்லாம் போவதில்லை. காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்ளேயே சுவிட்ச் செய்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் 20 கிலோஹெர்ட்ஸைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு காரணமும் அதுவே. மனிதக் காது அதற்கு மேல் கேட்காது.

மெதுவான சுவிட்சுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று 1973-லேயே படேல், ஹாஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வழி சொன்னார்கள். சில துடிப்புகள் மட்டும் போதும். ஆனால், அவற்றின் இடங்களைக் கணக்குப் போட்டு, தொல்லை தரும் ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்ஸ் மட்டும் சரியாகப் பூஜ்ஜியமாகும்படி வைக்க வேண்டும். 'மாடிஃபைடு' பெட்டியில் ஓர் ஓய்வு ஒரு ஹார்மோனிக்கை ஒழித்ததே, அதன் விரிவான வடிவம்.

இன்னொரு வழி, சுவிட்சையே மாற்றுவது. சிலிக்கான் கார்பைடு, காலியம் நைட்ரைடு சுவிட்சுகள் அந்தப் பாதி நிலையை மின்னல் வேகத்தில் கடந்துவிடும். கூகுளும் மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ-யும் சேர்ந்து 2014-ல் 10 லட்சம் டாலர் பரிசுடன் ஒரு போட்டி அறிவித்தன. 2 கிலோவாட் இன்வெர்ட்டரை ஒரு சின்ன லேப்டாப் அளவுக்குச் சுருக்க வேண்டும், திரிபு வரம்பையும் மீறக் கூடாது. 2016-ல் வென்ற பெல்ஜியம் அணி கேட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுருக்கிக் காட்டியது. பயன்படுத்தியது காலியம் நைட்ரைடு. போன் சார்ஜர்கள் திடீரென்று குட்டியாக மாறியதற்குப் பின்னால் இருப்பதும் இதே பொருள்தான்.

ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். மேல், கீழ் சுவிட்சுகள் தவறிப்போய் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் ஷார்ட் சர்க்யூட். அதைத் தவிர்க்க, ஒன்றை அணைத்த பிறகு ஒரு மைக்ரோவிநாடி, இரண்டு மைக்ரோவிநாடி காத்திருந்துதான் அடுத்ததை ஆன் செய்வார்கள். பாதுகாப்புக்காக வைக்கும் இந்த 'டெட் டைம்', துடிப்பின் அகலத்தைக் கொஞ்சம் கெடுத்து, விரட்டியடித்த மூன்றாவது, ஐந்தாவது ஹார்மோனிக்ஸைப் பின்வாசல் வழியாகத் திரும்ப அழைத்து வந்துவிடும். அதைச் சரிக்கட்டும் மென்பொருள் எழுதத் தெரிந்த நிறுவனத்துக்கும் தெரியாத நிறுவனத்துக்கும் உள்ள வித்தியாசம் பெட்டியின் மேல் தெரியாது.

வீட்டில் இருந்து தெருவுக்கு

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடுகளின் மொட்டைமாடியில் சோலார். ஒதுக்கீடு ரூ.75,021 கோடி. 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். 2025 மார்ச்சில் 10 லட்சம் வீடுகளைத் தாண்டியது. ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு பிடபிள்யூஎம் இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரி இன்வெர்ட்டர் கரன்ட் இல்லாதபோது வீட்டுக்குள் மட்டும் ஓடும். இவை கரன்ட் இருக்கும்போது, பொது லைனோடு இணைந்து ஓடுபவை.

விதிகள் இல்லாமல் இல்லை. இப்படி இணையும் அமைப்புகள் லைனுக்குள் தள்ளும் ஹார்மோனிக்ஸ், ஐஇஇஇ 519 தரநிலையின் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறை சொல்கிறது. தரமான இன்வெர்ட்டர்கள் தனித்தனியாகச் சோதித்தால் தேறிவிடுகின்றன. சிக்கல், தனித்தனியாக என்ற சொல்லில்தான்.

நெதர்லாந்தில் சோலார் நிறைந்த குடியிருப்பு மின்வலையமைப்பை ஆராய்ந்து என்ஸ்லின், ஹெஸ்கஸ் என்ற ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தரநிலையைப் பூர்த்தி செய்தாலும், பல ஒன்றுசேரும்போது சில சூழல்களில் திரிபு வரம்பைத் தாண்டுகிறது அல்லது இன்வெர்ட்டர்கள் தேவையில்லாமல் தாமாகவே அணைந்துவிடுகின்றன என்று அவர்கள் கண்டறிந்தனர். காரணம், ஒவ்வொரு இன்வெர்ட்டரின் வாசலிலும் இருக்கும் அந்த ஃபில்டர் கெப்பாசிட்டர். ஒன்று இருந்தால் ஒன்றுமில்லை. பல சேர்ந்து, தெரு டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் ஆகியவற்றின் காயில் தன்மையோடு ஜோடி போட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஏதோ ஓர் அதிர்வெண் மட்டும் பெருகத் தொடங்கும். ஒத்ததிர்வு என்று பள்ளியில் படித்ததுதான்.

இது குடியிருப்புகளோடு நிற்கும் பிரச்சினை அல்ல. 1995-ல் ஸூரிச் ரயில் தடத்தில் நவீன இன்வெர்ட்டர் என்ஜின்கள் ஒரே நேரத்தில் தாமாகவே நின்றுபோய் போக்குவரத்து ஸ்தம்பித்தது. ஹார்மோனிக் கரன்ட் வரம்பை மீறியதை உணர்ந்து, பாதுகாப்பு அமைப்பு என்ஜின்களை அணைத்துவிட்டது. தனியாக ஓடும்போது ஒழுங்காக இருந்த என்ஜின்கள்தான் அவை.

இன்னொன்று, பிடபிள்யூஎம் குப்பையைத் தள்ளிய அந்த 'அடுத்த தெரு' பற்றியது. வீட்டுக் கருவிகளுக்கான பிரபலமான சர்வதேசத் தரநிலை 40-வது ஹார்மோனிக் வரை, அதாவது 2 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறது. ரேடியோ இடையூறுக்கான விதிகள் பெரும்பாலும் 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. நடுவில் இருக்கும் பகுதிக்கு வரம்புகள் நீண்ட காலம் அரைகுறையாகவே இருந்தன. இன்வெர்ட்டர்கள் சுவிட்ச் செய்வது சரியாக அந்த நடுப்பகுதியில்! ஐரோப்பாவில் மின்கம்பி வழியாகவே தகவல் அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்களும் இதே பகுதியைப் பயன்படுத்துவதால், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு இரைச்சலாகிப்போன சம்பவங்கள் பதிவாகியுள்ளன. 'சுப்ராஹார்மோனிக்ஸ்' என்று இதற்குத் தனிப்பெயரே வந்துவிட்டது.

இதையெல்லாம் வைத்துப் பழியை முழுக்க சோலார் மேல் போட்டால் அது நியாயமில்லை. இன்று தெரு லைனைக் கெடுப்பதில் பெரிய பங்கு, மின்சாரத்தை உறிஞ்சும் கருவிகளுடையது. மலிவு எல்இடி பல்பு, சார்ஜர், டிவி எல்லாம் அலையின் உச்சியில் மட்டும் கடித்துக் கடித்து மின்சாரம் எடுப்பவை. இவை உண்டாக்கும் மூன்றாவது ஹார்மோனிக் ஒரு விஷமம் செய்யும். மூன்று ஃபேஸிலும் சமமாக லோடு இருந்தால் நியூட்ரல் வயரில் கரன்ட் ஓடக் கூடாது என்பது பாடம். மூன்றாவது ஹார்மோனிக் மட்டும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் நியூட்ரலில் கூடிக்கொண்டே போகும். மோசமான நிலையில், நியூட்ரல் கரன்ட் ஃபேஸ் கரன்ட்டைப் போல 1.7 மடங்கு வரை போக முடியும். பழைய அபார்ட்மென்ட்களில் மெல்லிய நியூட்ரல் வயர் போட்டிருந்தால், ஃபியூஸும் இல்லாத அந்த வயர்தான் முதலில் சூடாகும்.

யார் அளக்கிறார்கள்?

மின்வலையமைப்பில் இணையும் பெரிய நுகர்வோருக்கு, வோல்ட்டேஜ் திரிபு 5 சதவீதத்தையும் கரன்ட் திரிபு 8 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று 2007-ல் மத்திய மின்சார ஆணையம் விதித்தது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைகள் வரம்பை மீறி, நோட்டீஸுக்குப் பிறகும் சரிசெய்யாவிட்டால், கட்டணத்தில் 15 சதவீதம் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று மின்கட்டண ஆணைகள் கூறுகின்றன. ஆகவே ஸ்பின்னிங் மில்லுக்கும் ஸ்டீல் உருக்காலைக்கும் இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ஃபில்டர் வாங்கி வைக்கிறார்கள்.

தாழ்வழுத்தத்தில், அதாவது வீடுகளும் கடைகளும் இருக்கும் தெருவில், இப்படியொரு கணக்கு இல்லை. மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது. சோலார் இணைப்பு தரும் நாளில் இன்வெர்ட்டரின் சான்றிதழைப் பார்ப்பதோடு தரச் சோதனை முடிகிறது. இருபதாவது வீட்டில் சோலார் வந்த பிறகு அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் என்ன பாடுபடுகிறது என்பதை அங்கே போய் அளந்தால் மட்டுமே தெரியும். நெதர்லாந்து அனுபவத்தைப் பார்த்தால், சோலார் அடர்த்தியாக இருக்கும் நகர்களின் டிரான்ஸ்ஃபார்மர்களிலாவது அளவீட்டுக் கருவி வைப்பது பெரிய செலவு இல்லை. எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதைவிட நிச்சயம் குறைவு.

சான்றிதழில் உள்ள எண்ணையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். '3 சதவீதத்துக்கும் குறைவு' என்று போட்டிருப்பது வழக்கமாக முழுத்திறனில் ஓடும்போது. காலை ஏழு மணிக்கும் மேகம் மூடிய மதியத்திலும் இன்வெர்ட்டர் பத்தில் ஒரு பங்கு திறனில் ஓடும்போது இந்தச் சதவீதம் எகிறும். பதற வேண்டாம், அடிப்படை அலையே சிறிதாகிவிட்டதால் விகிதம் பெரிதாகத் தெரிகிறது. ஆம்பியர் கணக்கில் அது சிறிய அளவுதான்.

வாங்கப் போகிறீர்களா?

பேட்டரி இன்வெர்ட்டர் வாங்குபவர்கள் 'சைன் வேவ்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், டிஹெச்டி எவ்வளவு என்று கேட்கலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்த மாடலின் டேட்டாஷீட்டில் இருக்கும். அதிலும் இருக்காவிட்டால் அதுவே ஒரு பதில்தான். இரண்டு எண்கள் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது: ஹீட்டர் போன்ற நேர்கோட்டு லோடுக்கு ஒன்று, சார்ஜர், கம்ப்யூட்டர் போன்ற லோடுக்கு ஒன்று. இரண்டாவதுதான் நம் வீடுகளுக்குப் பொருந்தும். அது முதலாவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் பழைய ஸ்கொயர் வேவ் பெட்டி இருந்தால் அதைத் தூக்கிப் போட அவசரமில்லை. லைட், ரௌட்டர், லேப்டாப், பிஎல்டிசி ஃபேன் ஆகியவற்றை அதில் ஓட்டலாம். ஃப்ரிட்ஜையும் மோட்டார் உள்ள மருத்துவக் கருவிகளையும் அதில் இணைக்காமல் இருப்பது நல்லது.

சாதாரண ஃபேன்தான் என்றால், அடுத்த முறை கரன்ட் போகும்போது ரெகுலேட்டரை 5-க்குத் திருப்பிப் பாருங்கள். ஸ்டெப் வகை ரெகுலேட்டர்கள் 1 முதல் 4 வரை உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வழியாகவே மின்சாரம் அனுப்பும். சதுர அலையின் செங்குத்தான ஏற்ற இறக்கம் அதில் கரன்ட்டை ஊசி ஊசியாகப் பாய வைக்கும். 5-ல் அந்தக் கெப்பாசிட்டர் விலகிவிடுவதால் முனகல் கணிசமாகக் குறையும். 5-லும் அதே அளவு முனகினால், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கும் முன்பு, இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் 'அவுட்புட் வேவ்ஃபார்ம்' என்ற வரி என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.